கை ரிமோட்டில், கால் பஸ்ஸில்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கம்ப்யூட்டர் ஒரு பிரச்சினையே இல்லை. அது பாவம், சொன்னதைச் செய்யும். செய்ய முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதிக் காட்டும். மிச்சம் இருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு. "ஸ்க்ரீன்ல இப்ப என்ன தெரியுது?" என்று ஒரே நாளில் நாற்பது முறை கேட்டுத் தொண்டை வறண்டவர்களே, என் இனமே, இது உங்களுக்காக.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஹார்டுவேர் படித்தவள். வேலை கொடுத்த முதலாளி, "பொம்பளப்பிள்ள வெயில்ல எதுக்கு அலையணும்? இங்கன உக்காந்து போன்லயே பாத்துக்கோம்மா" என்று பெருந்தன்மையோடு ஒரு டெலிபோனைத் தந்தார். அந்தப் பெருந்தன்மையின் லட்சணம் கீழே.

பாயும் ஒரே லைனும்

காசிம் பாய் பருப்பு மொத்த வியாபாரி. லோடு விவரமெல்லாம் மெயிலில் வரும் காலம் தொடங்கியிருந்தது. அவருக்கு மட்டும் மெயில் வரவில்லை. "பாய், போனை வச்சுட்டு நெட் கனெக்ட் பண்ணுங்க. என்ன வருதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றேன். வைத்தார். பத்து நிமிடம் சத்தமே இல்லை. நான் கூப்பிட்டால் எங்கேஜ்டு. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, "வந்துச்சும்மா. உங்கள்ட்ட சொல்லலாம்னு அத நிப்பாட்டிட்டு வாரேன்" என்றார். சரி, மறுபடி போடுங்கள் என்றேன். மறுபடி எங்கேஜ்டு. இப்படி நான்கு முறை.

அவர் கடையில் இருந்தது ஒரே லைன், நெட்டும் பேச்சும் அதில்தான் என்பது படித்த எனக்கு நாலாவது முறைதான் உறைத்தது. பிறகு செய்ய வேண்டிய எட்டுப் படிகளையும் முதலிலேயே சொல்லி, பில் புக்கின் பின்பக்கம் எழுத வைத்தேன். சாயங்காலம் மெயில் வந்துவிட்டது. பாய் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார், ஆனால் மனதில் ஒரு குறை இருந்தது. "எல்லாம் சரிம்மா, ஆனா நீங்க இருந்தா நெட்டு வரமாட்டேங்கு, நெட்டு வந்தா நீங்க போயிருதீக!"

ஸ்டெல்லா டீச்சரின் திருத்தம்

ஸ்டெல்லா டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவர். மறுநாள் காலை பெற்றோர் கூட்டம். பிளஸ் டூ அரையாண்டு மார்க் பட்டியல் அத்தனையும் அச்சாக வேண்டும். பிரிண்டர் மூன்று பக்கம் அடிக்கிறது, நிற்கிறது. "நிக்கும்போது ஸ்க்ரீன்ல ஏதாவது எழுத்து வருதா டீச்சர்?" என்று கேட்டேன். "வருது. தப்பா வருது. மூடிட்டேன்" என்றார்.

தப்பு என்றால் ஏதோ பெரிய பழுது என்று நினைத்து, டிரைவரை நீக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொல்லி, ஒரு மதியத்தையே தின்றேன். கடைசியில், "மூடாதீங்க டீச்சர், அப்படியே எனக்கு வாசிங்க" என்று கெஞ்சியபோதுதான் வாசித்தார். "பேப்பர் ஆர் எம்ப்டி." பேப்பர் தீர்ந்துவிட்டது, புதிதாக வைத்துவிட்டு ஓகே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் ஒவ்வொரு முறையும் மூன்று தாளாக எண்ணிப் பேப்பர் வைத்தார். ஆனால் கேன்சல் கொடுத்தார். அது கேன்சல் என்றால் கேன்சல்தான் என்று மொத்த வேலையையும் கைவிட்டது. ஏன் கேன்சல் என்று கேட்டதற்கு, வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "பேப்பர் 'இஸ்'னு போடாம 'ஆர்'னு போட்டவனுக்கு நான் எப்படிம்மா ஓகே குடுப்பேன்?"

ஆளில்லாத நாற்காலி

பிராட்பேண்ட் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த ஊர்க் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கும் ரிமோட் வசதியும் வந்தது. இனி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், கேட்டால்தானே கோளாறு என்று நானும் துள்ளினேன்.

சிவகாசியில் ராஜாமணி அண்ணாச்சி காலண்டரும் டைரியும் அச்சடிப்பவர். சீசன் நேரம். டைரி அட்டை டிசைன் கிடந்த கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று அவருடைய டிசைனர் மாரி கூப்பிட்டான். "நான் உள்ள வந்து பாக்கேன், நீ போய் டீ குடி" என்றேன். போனான். ஹார்டு டிஸ்க்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பாதியில் லைன் செத்தது. மாரி பதறிக் கூப்பிட்டபோதுதான் கதை தெரிந்தது. அண்ணாச்சி அறைக்குள் வந்திருக்கிறார். நாற்காலியில் ஆள் இல்லை. மவுஸ் அம்பு மட்டும் ஓடுகிறது. தன் டிசைன் ஃபோல்டரை யாரோ திறந்து மூடுகிறார்கள். பக்கத்துத் தெரு பிரஸ்காரன் தன் அட்டையைத் திருடுகிறான் என்று முடிவு கட்டி, சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டார்.

பிடுங்கிய வேகத்தில் கம்ப்யூட்டர் எழவேயில்லை. நான் பஸ் ஏறி சிவகாசி போனேன். சுத்தம் செய்யக் கை வைக்கும் முன்பே டிசைன்களை இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்திருந்தேன். அதனால் அன்று பிழைத்தது டைரி மட்டுமல்ல, என் வேலையும்தான். அம்பை ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டபோது அண்ணாச்சி பிடுங்கிய வயரை என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. "இனிமே உள்ள வாரதுக்கு முன்ன வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடும்மா!"

எந்த ரிமோட் புத்தகத்திலும் இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

கல்யாண வீட்டில் ஒரு சாவி

மற்றவர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனியின் சர்வரை வீட்டிலிருந்தே சரி செய்து, முடிவில் ரீஸ்டார்ட் கொடுப்பதற்குப் பதில் ஷட் டவுன் கொடுத்தேன். பணிவான இயந்திரம், உடனே அணைந்தது. தூரத்திலிருந்து அணைக்கலாம், தூரத்திலிருந்து எழுப்ப முடியாது. திங்கட்கிழமை விடிந்ததும் லாரிக்கு ஆர்டர் சீட்டு அந்த சர்வரில்தான் எடுக்க வேண்டும்.

ஆபீஸ் பூட்டு. சாவி மேனேஜர் பால்பாண்டியிடம். அவர் மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்தில் இருப்பதாக அவர் வீட்டில் சொன்னார்கள், போனை எடுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து மண்டபத்தில் நுழைந்தேன். பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று மூன்று பேர் கேட்டார்கள். சர்வர் வீடு என்று சொல்ல முடியாமல் சிரித்து வைத்தேன். பந்தியில் இருந்த பால்பாண்டி, விஷயத்தைச் சொல்ல விடாமல் பக்கத்தில் இலை போடச் சொன்னார். பாயசம் வரைக்கும் உட்கார வைத்துத்தான் சாவியைத் தந்தார். தானும் கூடவே கிளம்பினார். சாத்தூர் வந்து கதவைத் திறந்து, ஒரு பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. அவர் இன்னும் பெரிதாக ஏதாவது நடக்கும் என்று காத்து நின்றார். "இம்புட்டுத்தானா? இதுக்கா என்னைய மொய் எழுத விடாம கூட்டியாந்தீக?"

சுண்டுவிரல்

இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு முழுதாகச் சிரிப்பு வராது. ஒரு பட்டாசு ஆலையில் விரல் வைத்து வருகை பதியும் மிஷின் வாங்கினார்கள். மறுநாளே போன்: பதினோரு பெண்களை அது அடையாளம் காணவில்லை. நான் விருதுநகரில் இருந்தபடியே உள்ளே போய்ப் பார்த்தேன். மிஷின் ஆரோக்கியமாக இருந்தது. "மிஷின்ல கோளாறு இல்ல" என்று மூன்று நாளும் மெயில் போட்டேன். அந்த மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை மேனேஜர் பதினோரு பேருக்கும் மூன்று நாளும் ஆப்சென்ட் போட்டார்.

நாலாம் நாள் மனசு கேட்காமல் நேரில் போனேன். கேட்டில் செல்போனை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். பெண்களை ஏற்றிவந்த வேன்கள் வந்து நின்றன. வரிசையில் முதலாவதாக முத்துமாரி என்ற அக்கா. பெருவிரலை வைத்தார். மறுபடி முயலுங்கள் என்று மிஷின் இங்கிலீஷில் சொன்னது. ஆட்காட்டி விரலை வைத்தார். அதே பதில். அவர் கையை வாங்கிப் பார்த்தேன். வருடக்கணக்காகக் காகிதம் சுருட்டிப் பசை தேய்த்த விரல்கள். நுனியில் ஒரு ரேகைகூட இல்லை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மூன்று நாளாக நான் மிஷினைத்தான் பார்த்திருக்கிறேன், விரலைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னேன். இடது கைச் சுண்டுவிரலில் ரேகை மிச்சம் இருந்தது, அதைப் பதிந்தோம். மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே. பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, மிஷினுக்குள் இருந்த தோல்விக் கணக்கைத் திறந்து காட்டினேன். மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு, பதினோரு பேர், திரும்பத் திரும்ப விரல் வைத்திருக்கிறார்கள். வராதவர்கள் எப்படிக் கேட்டில் விரல் வைப்பார்கள் என்று கேட்டேன். "மெயில்ல நீங்கதானம்மா கோளாறு இல்லைன்னீக" என்றார். "மெயில்தான் கோளாறு, நான் போட்ட மெயில்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆப்சென்ட்டை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

முத்துமாரி அக்கா சுண்டுவிரலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். மிஷின் மரியாதையாகத் தேங்க் யூ சொன்னது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "வேல செஞ்ச விரலு அம்புட்டும் ஆப்சென்டு, சும்மா கெடந்த சுண்டுவிரலுக்கு ஆஜரா? நல்ல மிசினு கொண்டாந்தீக தாயி!"

இத்தனை வருடத்தில் நான் சரி செய்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் புதியது வாங்கிவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவா நின்னு போச்சு" என்று இன்றைக்கும் போன் செய்கிறார்கள்.