விட்டுப்போன வரி

நீதிமன்றத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘எக்ஸ்பிரஸ்’ என்பார்கள். நீதிபதி சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் பென்சில் நின்றிருக்கும். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தட்டச்சான தாள்கள் மேசைக்கு வந்திருக்கும். பதினோரு வருடங்களாகத் தற்காலிகச் சுருக்கெழுத்தர். பணி நிரந்தரக் கோப்பு இந்த வருடம்தான் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர ஆரம்பித்திருந்தது. கணவர் அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். வெட்டும் இயந்திரத்துக்கு இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அவளுடைய பத்து விரல்களில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு நாட்களில் அவள் கூண்டுப் பக்கம் திரும்ப மாட்டாள். உள்ளே இருப்பவனுக்கு எத்தனை வருடம் என்பது அவனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் முகத்தைப் பார்த்தே தீர்ப்பைப் படித்துவிட்டு ஒரு தாய் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அன்று அந்தச் சுவர் இடிந்தது.

நீதிபதிக்கு மாற்றல். மாலை நாலு மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். போவதற்குமுன் ஏழு வழக்குகளின் தீர்ப்புகளை அவளிடம் சொல்லி எழுதவைத்திருந்தார். மூன்றாவது, ஒரு கிடங்குக் காவலாளியின் வழக்கு. திருடர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன். திருட்டுக்கு மூன்று வருடம், கூட்டுச் சதிக்கு இரண்டு வருடம். நீதிபதி அவள் தட்டச்சு செய்திருந்த தாளைப் பார்த்து வேகமாகப் படித்தார், கையெழுத்திட்டார், அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்.

ஏழும் படித்து முடிந்தபின், மூன்று மணி வாக்கில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். தாழ்வாரப் பெஞ்சில் காவலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு வருஷமாம்க்கா. மூணும் ரெண்டும். வக்கீல் சொல்லிட்டுப் போயிட்டாரு. இது பள்ளிக்கூடம் போற வயசுலதான் அப்பன் மூஞ்சியையே பார்க்கும்.”

“மூணுதானே...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதி சொல்லச் சொல்லக் கேட்ட ஒரு வரி காதுக்குள் ஒலித்தது. அறைக்கு ஓடிப்போய்க் குறிப்பேட்டைப் புரட்டினாள். முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் தட்டச்சை நிறுத்தியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தின் உச்சியில், அடுத்த வழக்கின் குறிப்புக்கு மேலே அது இருந்தது. ‘இவ்விரு தண்டனைகளையும் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்.’ அந்த வரி இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், மொத்தம் மூன்று வருடம். இல்லாவிட்டால் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது தொடங்கும்.

தலைமை எழுத்தரிடம் போனாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயாவ வழியனுப்பக் கேக் வெட்டப்போற நேரத்துல என் கழுத்த வெட்டாத தாயே! படிச்சாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பக்கத்தக் கிழிச்சு வாயில போட்டு முழுங்கு. உன் புழுக் கிறுக்கல் வேற யாருக்குப் புரியும்?”

“ரெண்டு வருஷம் சார்.”

“உனக்குப் பதினோரு வருஷம். அதையும் எண்ணிப் பாரு.”

எண்ணினாள். கணவரின் குறைவிரல் கை கண்முன் வந்தது. பக்கத்தின் மூலையை விரல்கள் பிடித்தும்விட்டன. வெளியே சிறை வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நீதிபதியின் அறைக்குள் நின்றிருந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டு அவர் கண்களை மூடினார்.

“நான் அப்படிச் சொன்னேனாம்மா? ஏழு தீர்ப்பு. எனக்கு ஞாபகம் வரல.”

அவள் குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். உலகத்திலேயே அந்த இரண்டு வருடங்களுக்குச் சாட்சி அந்தப் பென்சில் கோடு ஒன்றுதான்.

“கையெழுத்துப் போட்டத நான் நினைச்சபடி மாத்த முடியாது,” என்றார் அவர். “எழுதுறதுல வந்த பிழைன்னா மட்டும் திருத்தலாம். ஆனா கைதி வீட்டுல எதையோ வாங்கிட்டு இப்ப வரியச் சேர்க்கிறேன்னு உன்னச் சொல்லுவாங்க. அதுக்குத் தயாரா?”

அவள் தலையை ஆட்டினாள்.

பக்கத்து நீதிமன்றத்தின் மூத்த சுருக்கெழுத்தரை அழைத்துவரச் சொன்னார். கறார் மனிதர், அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. குறிப்பேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “இவ்விரு தண்டனைகளையும்...” நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். சுவர்க் கடிகாரம் அவள் மண்டைக்குள் அடிப்பதுபோல் இருந்தது. அவசரத்தில் கோட்டை அரைகுறையாக இழுத்திருந்தாளோ? வேறு எதுவாகவாவது அது படிக்கப்படுமோ?

“...ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும். கிறுக்கல்தான். ஆனா வரிசை மாறல ஐயா. இதுக்குக் கீழயே அடுத்த வழக்கு ஆரம்பிக்குது. பின்னாடி செருக இடமே இல்ல.”

நீதிபதி ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். “உன் பிழைன்னு எழுது. இது உன் ஃபைலுக்குப் போகும். எனக்கப்புறம் வர்றவர் என்ன செய்வாருன்னு நான் சொல்ல முடியாது.”

எழுதினாள். திருத்த உத்தரவை அவளே தட்டச்சு செய்தாள், ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்து. நாலு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்தானது. காவலர் ஒருவர் வாசலுக்கு ஓடி வண்டியை நிறுத்தினார்.

தாழ்வாரத்துக்கு வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மூணு வருஷம்தான். ஒரு வரி விட்டுப்போச்சு. திருத்தியாச்சு.”

அந்தப் பெண் அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பற்றி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளங்கை நனைந்தது. பிறகு தலையைத் தூக்கினாள்.

“யாருக்கா விட்டது?”

யாரோ ஒரு கிளார்க் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“நான்தான்.”

பற்றியிருந்த கைகள் மெல்லத் தளர்ந்தன. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சின் மறுகோடிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“நான் எண்ணாம இருந்திருந்தா?” என்றாள், திரும்பாமலே.