குண்டல்பேட்டையில் விட்டுப்போனது

எங்கள் மோட்டார் சைக்கிள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்துக்கு நிறைய வந்தன. என் கணவர் விமானம் கட்டுகிற தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அல்சூரில் நாங்கள் குடியிருந்த சந்துக்குள் அதைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும். கொஞ்சம் பேசிப் பார்க்கணும்" என்றார், நெற்றியைத் துடைத்தபடி.

அந்தப் பேச்சுவார்த்தை மழைக்காலம் முழுக்க நடந்தது. சமையலறையில் கார்புரேட்டர், படுக்கையறையில் செயின், குளியலறை வாளியில் மண்ணெண்ணெய். ஒருநாள் சாம்பார்க் கரண்டியைத் தேடினால் அது எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டி கிளம்பியபோது எதிர்வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. ராணுவப் பச்சையின் மேல் கறுப்பு பூசினோம். எங்கே கீறினாலும் பச்சை எட்டிப் பார்க்கும். அதை வாங்கியதில் என் வளையல் ஒரு ஜோடியும் சேர்ந்திருந்ததால் நான் எப்போதும் "நம்ம வண்டி" என்றுதான் சொல்வேன். அவர் "என் வண்டி" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் திருத்திக்கொள்வார்.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டீச்சரம்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவது முதலில் பெரிய விஷயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பின் இருக்கை தனியாக, கீழே ஸ்பிரிங் வைத்து, ஒரு பெரிய காளான் மாதிரி இருக்கும். இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு அதில் உட்கார்வது ஒரு வித்தை. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்து மாட்டினோம். முந்தானையை இழுத்துச் செருகி ஊக்கு குத்தி, மேலே அவருடைய பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு துண்டு கட்டிக்கொண்டால் நான் தயார். கண்ணாடியில் பார்த்தால் யாரோ தபால்காரர் மாதிரி இருக்கும்.

நந்தி மலை போனோம். சிவசமுத்திரம் அருவிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். எனக்கு அந்தப் பயணங்கள் ரொம்பப் பிடித்திருந்தன. புளியமரங்கள் இரண்டு பக்கமும் ஓடும். ஊருக்கு ஊர் வாசனை மாறும். வெல்லம் காய்ச்சுகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

அவரிடம் ஒரே ஒரு குறை. வண்டியை எடுத்தால் நிறுத்த மாட்டார். வழியில் ஆறு வந்தாலும் சரி, கோவில் வந்தாலும் சரி, "திரும்பி வரும்போது பார்க்கலாம்" என்பார். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

ஒரு கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போவதென்று முடிவு செய்தோம். மைசூர், நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, அப்புறம் பந்திப்பூர் காடு, அதைத் தாண்டி மலை. அதுவரை நாங்கள் போகாத தூரம். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மத்தூரில் நிறுத்தி வடை சாப்பிட வேண்டும். ரவையும் வெங்காயமும் போட்டுத் தட்டையாகத் தட்டிப் பொரிக்கிற அந்த வடையைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் பேசுவார்கள். சாப்பிடாதவள் நான் ஒருத்திதான். அவரும் "ஆகட்டும்" என்று ஒப்புக்கொண்டார்.

விடிகாலையில் கிளம்பினோம். ராமநகரத்தைத் தாண்டியதும் மைசூர் ரயில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அந்தச் சாலையும் தண்டவாளமும் பல இடங்களில் கூடவே போகும். ஜன்னலில் இருந்து யாரோ கை காட்டினார்கள். அவ்வளவுதான், இவர் குனிந்துகொண்டார். எஞ்சின் சத்தம் மாறியது. ரயில் முந்தும், நாங்கள் முந்துவோம், ஒரு வளைவில் அது மறையும், மறுபடி தென்னந்தோப்புக்குப் பின்னால் இருந்து புகையோடு வரும். முதலில் எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. நானும் கை காட்டினேன்.

மத்தூர் வந்தது. தோளைத் தட்டினேன். "நிறுத்துங்க."

"என்ன?"

"மத்தூர். வடை."

"காத்துல கேக்கல" என்று கத்தினார். மத்தூர் போய்விட்டது.

மண்டியா வந்த பிறகு தானாகவே ஓரம் கட்டி நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. தண்டவாளத்தில் ரயிலைக் காணவில்லை.

"பார்த்தியா? ஜெயிச்சாச்சு."

"ரயில் வடை சாப்பிட நின்னுச்சுங்க. அதனாலதான் ஜெயிச்சீங்க."

சிரிப்பு போய்விட்டது. "ஒரு வடைக்காக இவ்வளவா? அந்த வேகத்துல இந்த வண்டியைப் பிடிச்சு ஓட்டறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பின்னால சும்மா உக்காந்து வர்றவங்களுக்கு அது புரியாது."

சும்மா என்ற சொல்தான். காக்கிக் கோட்டுக்குள் வெந்துகொண்டு, முதுகெலும்பு ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுப் பையும் கையில் தண்ணீர்க் கூஜாவுமாக வருகிறவளைப் பார்த்துச் சும்மா என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவர் சொன்ன எதற்கும் பதில் சொல்லவில்லை. மைசூரில் சாப்பாட்டுக் கடையில் சர்வர் என்ன வேண்டும் என்று கேட்டபோது சர்வரிடம் மட்டும் பேசினேன். வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வருவேன். அன்று இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நஞ்சன்கூட்டில் அவர் கோபுரத்தைக் காட்டி, "பாரேன், எவ்வளவு அழகா இருக்கு" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

குண்டல்பேட்டையில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அந்தக் காலத்துப் பம்பு. ஆள் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறும். அவர் அதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துச் சின்ன ஓட்டலில் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் கேரியரில் வைத்து அழுத்திக் கட்டினேன். அதற்குள் அவர் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்; நான் ஏறியது போலவே வண்டி ஒரு தரம் அழுந்தி எழுந்தது. அப்போதுதான் கூஜாவை ஓட்டல் பெஞ்சிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. எடுத்துவரத் திரும்பினேன். பேசுவதில்லை என்று இருந்ததால் அவரிடம் சொல்லவில்லை.

எஞ்சின் உறுமியது. திரும்பிப் பார்த்தால் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன். மண்டியாவுக்குப் பிறகு அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் காதில் விழவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே.

பெட்ரோல் போட்டவர் வண்டி போன திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிம்ம யஜமானரு ஹோகிபிட்டரல்லா, அம்மா" என்றார், என் வீட்டுக்காரர் போய்விட்டது ஏதோ எனக்குத் தெரியாதது போல.

"வந்துடுவார்" என்று கன்னடத்தில் சொன்னேன். அடுத்த மரத்தடிக்குள் தெரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். அந்த மரத்தையும் தாண்டி, சத்தமும் அடங்கி, சாலை வெறிச்சென்று கிடந்தது. ஒரு மாட்டு வண்டி போயிற்று. கோபம் இருந்த இடத்தில் ஏதோ கலக்கம் வந்தது. பர்ஸ் அவரிடம். பை வண்டியில். என்னிடம் இருந்தது ஒரு கூஜா தண்ணீர்.

ஓட்டல்காரம்மா வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். பெரிய மூக்குத்தி, கையெல்லாம் அரிசி மாவு. "பன்னி, ஒளகே பன்னி" என்று உள்ளே வரச் சொல்லிக் கூட்டிப் போய் உட்காரவைத்தார். தமிழ்க்காரி என்று என் பேச்சில் தெரிந்துகொண்டு, நிதானமான கன்னடத்தில் விசாரித்தார்.

"சண்டையா?"

"சண்டை இல்லை. பேசுவதில்லை."

"அதுதான் பெரிய சண்டை" என்று சொல்லிவிட்டு, தோசைக்கல்லில் அரிசி மாவில் ஓர் அக்கி ரொட்டியைத் தட்டினார். அவர் கணவர் ஒருமுறை தேர்த் திருவிழாவுக்கு மாட்டு வண்டியில் அழைத்துப்போய், திரும்பும்போது இவரை விட்டுவிட்டு இவருடைய அக்காவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். முக்காடு போட்டிருந்ததால் தெரியவில்லையாம். வீட்டு வாசலில் அக்கா இறங்கிய பிறகுதான் முழித்தாராம். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரொட்டியில் வெங்காயமும் சப்பசிகே என்கிற சதகுப்பைக் கீரையும் போட்டிருந்தார். மேலே ஓர் உருண்டை வெண்ணெய். கலக்கத்திலும் பசி எடுக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது ரொட்டியில் பாதி முடித்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. ஆனால் மிக மெதுவாக வந்தது. வழக்கமாக அவர் அப்படி ஓட்ட மாட்டார். நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போட மறந்து, அது சாய, மறுபடி பிடித்து நிறுத்தினார். தலை முதல் கால் வரை செம்மண். முழங்கால் வரை பேண்ட்டில் முள்ளும் ஒட்டுப்புல்லும். என்னைப் பார்த்தார்.

"நீ விழுந்துட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. திரும்பி வரும் வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, சாலையின் இரண்டு பக்கப் பள்ளத்திலும் புதரிலும் என்னைத் தேடியிருக்கிறார். அதனால்தான் அவ்வளவு நேரம். நான் வெண்ணெயோடு ரொட்டி சாப்பிட்ட நேரம் முழுவதும் அவர் முள்ளுக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, கூஜாத் தண்ணீரைக் கொடுத்தேன். முழுவதும் குடித்தார்.

ஓட்டல்காரம்மா ஒன்றும் கேட்காமல் அவருக்கும் ஒரு ரொட்டி போட்டார்.

நடந்ததை அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். பந்திப்பூர் காட்டு வாசலில் ஒரு மூங்கில் தடுப்பு இருக்கும். அங்கே காவலாளி, எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். இவர், "ரெண்டு பேர்" என்றிருக்கிறார்.

"அந்த ஆள் என் பின்னால எட்டிப் பார்த்துட்டு, 'இன்னொப்பரு எல்லி, சுவாமி?'ன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். பை மட்டும் இருக்கு."

"அதுவரைக்கும் தெரியவே இல்லையா? வண்டி லேசா இருந்திருக்குமே?"

"எங்கே கவனிச்சேன்? பேசிக்கிட்டே போனேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்." ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "மண்டியாவுல சொன்னது தப்புன்னு சொன்னேன். சும்மான்னு சொல்லியிருக்கக் கூடாதுன்னு. இன்னும் என்னென்னவோ. நீ பதில் பேசல. கோவம் இன்னும் தீரலைன்னு மேலும் கொஞ்சம் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? இப்பச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு தடவைதான் வரும்."

எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. ஓட்டல்காரம்மாவுக்கு விஷயத்தை நான் கன்னடத்தில் சொன்னபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் வந்தது.

மறுபடி கிளம்பினோம். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். காட்டு வாசலில் அந்தக் காவலாளி எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, விரலை நீட்டி, "ஒந்து, எரடு" என்று எண்ணிவிட்டுத் தடுப்பைத் தூக்கினார். போகும்போது என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். ஐயா முதலில் வந்தபோது தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாராம், யானைக்குப் பயந்து மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தாராம். என் கணவர் காது சிவந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

யானை ஒன்றும் வரவில்லை. மான்கள் வந்தன. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அவராகவே எஞ்சினை நிறுத்தினார். ஒரு கூட்டம் முழுதும் சாலையைக் கடந்து முடிகிற வரை, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் மலை ஏறினோம். குளிரில் என் பற்கள் தந்தியடித்தன. காக்கிக் கோட்டை அன்றுதான் முதல் தரமாக வாழ்த்தினேன்.

திரும்பும்போது சத்தியமங்கலம், கொள்ளேகால், கனகபுரா என்று வேறு வழியாக வந்துவிட்டோம். ஆகவே மத்தூர் வடை அந்தப் பயணத்தில் எனக்கு வாய்க்கவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிளட்சைப் பிடிப்பதற்கு முன் இடது கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பார். "உக்காந்தாச்சா?" என்று கேட்பார். நான் "ஆச்சு" என்று சொன்னால்தான் வண்டி நகரும். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கன்னியாகுமரிக்குப் போனபோதும் அப்படித்தான். எனக்கு ஜலதோஷம் வந்து குரல் கட்டியிருந்த வாரம், அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். அது செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் காலை, தொழிற்சாலைக்குத் தனியாகக் கிளம்பியவர், வண்டியை உதைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் "உக்காந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். சந்துக் குழாயில் குடம் வைத்திருந்த எதிர்வீட்டம்மா நிமிர்ந்து பார்த்து, "ஆச்சு, போங்க சார்" என்றார். அவரும் போனார்.