காணாமல் போன கரித்துணி

எங்கள் வீட்டில் கரித்துணி காணாமல் போன கோடையில் நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். அடுப்பிலிருந்து பானையை இறக்க அம்மா வைத்திருந்த துணி அது. அதைத் திருடவும் ஒரு ஆள் இருப்பான் என்றால் எங்கள் மலையின் வளப்பூர் நாட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பழைய சேலை கிழிந்த இடத்தில் அப்பாவின் வேட்டித் துண்டு, அது பொசுங்கிய இடத்தில் என் பள்ளிச் சட்டை என்று ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுத் தைத்ததில் அது ரொட்டி மாதிரித் தடித்திருந்தது.

அம்மா முதலில் நாயைச் சந்தேகித்தாள். பிறகு என்னை. மூன்றாவதாகப் பக்கத்து வீட்டு அத்தையைச் சந்தேகித்தாள். அதற்குமேல் யாரையும் தேடவேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற பலாமரத்தில் எந்தக் கிளை யாருக்கு என்பதில் அந்த வருடம் பேச்சு கொஞ்சம் தடித்துப் போயிருந்தது. “தெனமும் கையில பொழங்குற துணிய எடுக்கறாங்கன்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். செய்வினை வைக்கத்தான் என்று அவளே பதிலும் வைத்திருந்தாள். அப்பா மிளகுக் கொடியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். அத்தை வீட்டில் எது கொடுத்தாலும் வாயில் வைக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. அத்தை கொடுத்தனுப்பிய பலாச்சுளைக் கிண்ணம் ஈ மொய்த்தபடி வாசலிலேயே கிடந்தது.

இத்தனை அமளியிலும் என் அக்காவை யாரும் சந்தேகிக்கவில்லை. அதைவிடச் சந்தேகமான காரியங்களை அவள் எல்லோர் கண்ணெதிரிலும் செய்துகொண்டிருந்தாள். நகரத்தில் ஓவியக் கல்லூரியில் படித்த அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சொந்த ஊரில் கிடைப்பதைக் கொண்டே வண்ணம் செய்து படம் வரைந்துவர வேண்டும் என்பது அவளுக்குக் கொடுத்த வேலை. செம்மண்ணை அரைத்துச் சலித்தாள். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தாள். விளக்குக்கரியைப் பலாப்பிசினில் கலந்து பார்த்து, விரல்கள் ஒட்டிக்கொள்ள, என்னை எண்ணெய் கொண்டுவரச் சொன்னாள். எதிலும் அவளுக்குத் திருப்தியில்லை. கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கல் கூட்டி, கடுக்காயையும் துருப்பிடித்த ஆணிகளையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினாள். தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆனது. அதைத் தொட்டுத் துணியில் தீற்றிப் பார்த்து, “இந்தக் கருப்பு இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு எந்தக் கருப்பு வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்தச் சட்டியை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். “கொடுத்த சுளையத் தொடல. கொட்டாய்க்குப் பின்னால மை காச்சுறீங்க. யாருக்குப் பில்லி வெக்கப் போற, எனக்கா?”

“எந்துணிய எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டு நீங்க பேசறீங்களாங்க?” என்றாள் அம்மா. கோபத்திலும் அவளுக்கு மரியாதை தவறாது.

குரல்கள் ஏறின. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிற வழி தேடினார். அப்போதுதான் அக்கா கொட்டகையிலிருந்து ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவாசலில் வைத்தாள். சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது எங்கள் கரித்துணி.

வெளிச்சத்தில் அப்படிப் பார்த்தபோது எனக்கே அது புதிதாகத் தெரிந்தது. அம்மா எப்போதும் ஒரே இடத்தில் பிடித்துப் பிடித்ததில், இரண்டு பக்கமும் அவள் பெருவிரலும் மற்ற விரல்களும் கரியில் பதிந்திருந்தன.

“நீ படம் வரையற கைக்கு யார் முன்னோடின்னு காலேஜ்ல கேட்டாங்கம்மா. எல்லாரும் வெளிநாட்டுக்காரங்க பேராச் சொன்னாங்க. எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. இதுமாதிரி ஒண்ணு செய்யலாம்னு பாத்தேன், வரல. இதையே கொண்டுபோயி மாட்டப்போறேன்.”

அத்தை குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டு, ஈ மொய்த்த தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க அம்மா அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் அக்கா, சட்டத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக அட்டைப்பெட்டி வாங்கச் சோளக்காடு சந்தைக்குப் போனாள். அம்மா சட்டத்தின் கட்டுகளை அவிழ்த்துத் துணியை வெந்நீரில் ஊறவைத்தாள். சோப்புத்தூள் போட்டு, சாம்பல் போட்டு, கல்லில் அடித்தாள். கருப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, தெளிந்து, மறுபடி கருத்து ஓடியது. நான்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். வெயிலில் விரித்தபோது என் பள்ளிச் சட்டையின் நீலக்கோடுகூடத் தெரிந்தது. அம்மாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

பெட்டியோடு வந்த அக்கா கொடிக்கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“பெரிய மனுசங்க பாக்கற எடத்துக்கு அழுக்கோடவா அனுப்புவேன்? இப்பக் கொண்டு போ சாமி” என்றாள் அம்மா.

அக்கா அந்தத் துணியை உருவி முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அம்மா பதறிப்போனாள். என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள். அக்கா தலையை மட்டும் ஆட்டி, அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வெளுத்த துணியைப் பார்த்து யாராவது அழுவார்களா? எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்தது. நாங்கள் இருவரும் வேலிப் பக்கம் பார்த்தோம். நேற்று அத்தை அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனாளே.

அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவை உட்காரவைத்துச் சுற்றினாள். அடுப்பில் போட்டபோது கொஞ்சம்கூட நெடி அடிக்கவில்லை. கண்ணேறுதான், சந்தேகமே இல்லை என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.