மீன் வாசம் அடித்த முட்டை

நான் பிறந்தது கடற்கரையில், வாக்கப்பட்டது ஓசூரில். அம்மா பஸ்ஸில் போட்டுவிடும் நெத்திலிக் கருவாடு வறுபடும் நாளில்தான் இந்த ஊர்ச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கும்.

பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். எங்களிடம் வாங்கிய முட்டைகளை ஒருநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அக்கா, ஒடச்சா மீன் வாசனை வர்து. நாங்க முட்டை மட்டுந்தான் சாப்டுவோம், மீன் ஆகாது."

பின்புறக் கொட்டகையில் பழுப்பு முட்டைக் கோழிகள் வளர்ப்பவர் என் கணவர். ஷிப்ட் முடிந்து வந்தால் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். முட்டையை முகர்ந்தார். "எல்லாம் உன் கருவாட்டு வேலைதான். அடுப்படியிலதானே முட்டைய வெக்கிற?"

முட்டை ஓட்டைத் தாண்டி வாசம் உள்ளே போகுமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் பழியை ஏற்றுக்கொண்டேன். இனி கருவாடு அனுப்பவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கருவாடு வீட்டைவிட்டுப் போயிற்று, வாசம் போகவில்லை. அதிலும் ஒரு கூத்து, ஒரு முட்டை நாறும், அடுத்தது நாறாது. ஒரே கொட்டகை, ஒரே தீவனம். என் கைதான் நாறுகிறதோ என்று அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை, அழுகைதான் வந்தது.

கடைசியில் கோபம் வந்தது. ஒவ்வொரு கோழியையும் தனித்தனிக் கூடையில் அடைத்து, அதது இட்ட முட்டையை வேகவைத்து முகர்ந்தேன். ஒரே ஒரு கோழி மாட்டியது. அது இட்ட முட்டையின் ஓட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அது அவருடைய செல்லக் கோழி.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். தீவனத்தில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டார். வடக்கத்தித் தொழிலாளர்களுக்காக எங்கள் தெருமுனைச் செக்கில் கடுகெண்ணெய் ஆட்டுகிறார்கள். மலிவாகக் கிடைத்ததே என்று அந்தக் கடுகுப் புண்ணாக்கைத் தீவனத்தில் கலந்தவர் என் கணவர்தான்.

"பழுப்பு முட்டைக் கோழிங்க சிலதுக்குப் பரம்பரையா ஒரு ஜீன் மாறியிருக்கும். இந்தப் புண்ணாக்கத் தின்னா வயித்துல மீன் வாசப் பொருள் ஒண்ணு உண்டாகும். மத்த கோழிங்க உடம்பு அத முறிச்சிடும். இதால முடியல, முட்டைக்குள்ள போயிடுது. புண்ணாக்க நிறுத்துங்க, சரியாயிடும்" என்றார் மருத்துவர்.

கடலையே பார்க்காத கோழிக்குள் மீன் வாசம். கேட்டும் எனக்குப் பாதிதான் விளங்கியது.

திரும்பும்போது கோழி என் மடியில் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றதும் அவர் திரும்பி அதைத் தடவிக்கொடுத்தார். "பாவம், அதோட பொறப்பு அப்படி. அது என்ன பண்ணும்?"

கோழிமேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை நாள் நான் காத்திருந்த சொல் அதற்குக் கிடைத்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்ததும், அவர் காதில் விழும்படி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நெத்திலி அனுப்பும்மா. இந்தத் தடவ நெறைய அனுப்பு."