எட்டு மணிக்கு எழாத மனிதர்

"மூணே வருஷம் குடுங்க. அதுக்கப்புறம் வெளிநாட்டுக்காரங்க மேசையில நான் உட்கார்ந்திருக்கறதை யாராவது பார்த்தா, என் வீட்டை எடுத்துக்கங்க!"

கிளைவ் பாட்டம்லி இதை அறிவித்தது சாம்ப்ரோல் கிராமத்து ரொட்டிக் கடையில், சனிக்கிழமை காலை, கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில். கக்கத்தில் நீள ரொட்டி, தலையில் பிரெஞ்சு வட்டத் தொப்பி. எங்கள் ஊரின் இருநூற்றுப் பதினான்கு பேரில் அந்தத் தொப்பி அணிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு மனிதர் மனமுவந்து பிரெஞ்சுக்காரராக முயலும்போது குறுக்கே நிற்பது பாவம்.

கிளைவ் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்தவர். கையில் அட்டை, காதில் பென்சில், வாயில் "மன்னிக்கவும், அடுத்த முறை பார்க்கலாம்" என்ற ஒரே வாக்கியம். ஒரு நகரத்தையே நடக்க வைத்த மனிதர். ஓய்வு பெற்றதும் மனைவி மோரீனுடன் வந்து, எங்கள் ஊர்ப் பழைய தபால் நிலையக் கட்டடத்தை வாங்கினார். வந்த முதல் கோடையிலேயே அவர் மனதில் ஒரு முள் தைத்தது. அந்த முள்ளைத் தைத்தவள் நான்தான்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு மதியம், தேவாலயத்தை ஒட்டிய லிண்டன் மரங்களின் நிழலில் ஊர் விருந்து நடக்கும். ஐந்து நீள மேசைகள். முதல் மேசையில் விழாக் குழுவும் மேயரும். கடைசி மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில். அங்கே ஆங்கிலேயர்களும், ஒரு டச்சுத் தம்பதியும். யாரும் இதைச் சட்டமாக எழுதவில்லை. குழுவின் செயலாளர் என்ற முறையில் பதினோரு ஆண்டுகளாகப் பட்டியல் போடுவது நான். இது ஒதுக்கி வைப்பது ஆகாது. கழிப்பறைக்கு அருகில் இருப்பதன் வசதியை அறிந்தவர்கள் அறிவார்கள்.

கிளைவுக்கு அந்த வசதி வேண்டாம். அவருக்கு முதல் மேசை வேண்டும்.

அதற்காக அவர் செய்த தவம் கொஞ்சநஞ்சமல்ல. பொது இடத்தில் தேநீர் குடிப்பதை விட்டார். சந்தையில் எதிரே ஆங்கிலேயர் வந்தால் பாலாடைக்கட்டிக் கடைக்குப் பின்னால் மறைந்தார். வழி தவறிய ஒரு சுற்றுலாக்காரர் ஆங்கிலத்தில் வழி கேட்டபோது, ஒன்றும் புரியாதவர் போலத் தோளைக் குலுக்கினார். பாவம், அந்த மனிதர் ஆற்றுப் பக்கம் போய்விட்டார். மோரீன் மட்டும் வியாழக்கிழமைகளில் ஆங்கிலப் பெண்களோடு கம்பளி பின்னப் போவாள்.

"போயிட்டு வா. ஆனா எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாதே" என்பார் கிளைவ்.

இத்தனைக்கும் பிறகு இரண்டாம் கோடையிலும் அவர் கடைசி மேசைதான். மூன்றாம் ஆண்டு ஜூலையில்தான் அந்த வரலாற்று நிகழ்ச்சி. பக்கத்து வீட்டு ஃபெர்னானும் ஜோசெட்டும் பாட்டம்லி தம்பதியை மாலை ஆறரைக்கு ஒரு கோப்பை மது அருந்த அழைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கோப்பைக்கு அழைத்தால், ஒரு கோப்பைக்குத்தான். இரண்டாகலாம். கொஞ்சம் வேர்க்கடலை, நாலு துண்டு உலர் இறைச்சி, உப்பு பிஸ்கட். ஆறே முக்கால் வாக்கில் வர வேண்டும். எட்டு மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும். பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஹடர்ஸ்ஃபீல்டில் மட்டும் தெரியாது.

கிளைவ் சரியாக ஆறரைக்குக் கதவைத் தட்டினார். ஃபெர்னான் அப்போது உள்பனியனோடு கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தார். அது பரவாயில்லை. சிக்கல் எட்டு மணிக்கு.

ஃபெர்னான் இரண்டு கைகளாலும் தொடையில் தட்டி, "சரி... அப்புறம்!" என்று எழுந்தார். போய் வாருங்கள் என்பதற்கு எங்கள் மொழியில் இதைவிடத் தெளிவான வாக்கியம் கிடையாது. கிளைவோ, அடுத்த சுற்று ஊற்றத்தான் எழுகிறார் என்று எண்ணித் தம் கோப்பையை நீட்டினார். நீட்டிய கோப்பையில் ஊற்றாமல் இருக்க ஃபெர்னானால் முடியவில்லை.

எட்டரைக்கு ஜோசெட் கேட்டாள்: "நாளைக்குக் காலையில உங்களுக்கு வேலை ஏதும் உண்டா, முசியே கிளைவ்?"

"ஒண்ணுமே இல்ல மதாம். ஓய்வு பெத்த ஆளுங்களுக்கு என்ன அவசரம்?"

கோடையில் ஒன்பதரை வரை இருட்டாத ஊர் எங்களுடையது; வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்க, ஜோசெட் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"ஆகா, இப்பதான் வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு" என்றார் கிளைவ்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாலையில் அழைத்தால் சோறு போடுவார்கள் என்று நம்பி, கிளைவ் மதியமே அரை வயிறு சாப்பிட்டு வந்திருக்கிறார். பந்தி பரிமாறும் முன் எழுந்துபோவது வீட்டுக்காரர்களை அவமதிப்பது அல்லவா? ஆகவே பசியோடு காத்திருந்தார். அடுப்பில் இருவருக்கான சூப்பும் ஒரு முயலும் வற்றிக்கொண்டிருக்க, விருந்தாளியைப் போகச் சொல்வது அவமதிப்பு என்று வீட்டுக்காரர்களும் பசியோடு காத்திருந்தார்கள். ஒன்பதே கால் வரை நால்வரும் ஒருவரையொருவர் மதித்தார்கள். வேர்க்கடலைத் தட்டு மட்டும் யாரையும் மதிக்காமல் ஏழே முக்காலுக்கே காலியாகிவிட்டது.

கடைசியில் சரணடைந்தது ஜோசெட். சூப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, முயலை நாலாக அறுத்து, இன்னும் இரண்டு தட்டு வைத்தாள்.

"பார்த்தியா?" என்று கிளைவ் மோரீனின் பக்கம் குனிந்தார். "நான் சொல்லல?"

மறுநாள் ரொட்டிக் கடையில் ஜோசெட் இதைச் சொன்னபோது, மாவு பிசையும் ஆள்கூட உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டான்.

"முயலோட முதுகு அவருக்கு. எனக்குக் கழுத்து! எங்க வீட்டு மனுசன் ராத்திரி பூரா முனகிக்கிட்டே கிடந்தான்."

"நீ வெளிப்படையாச் சொல்லியிருக்கலாமே, ஜோசெட்?" என்று கேட்டேன்.

"ஜன்னலைச் சாத்தினேன்டி! இதுக்கு மேல என்ன பண்றது, விளக்குமாத்தைத் தூக்கிக் காட்டவா?"

அன்று மாலைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. விழாக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தலைவர் ரேமோன் மட்டும் யோசனையில் ஆழ்ந்தார். டிராக்டர் பழுது பார்ப்பவர். எதிலும் பயன்படும் பாகத்தைத் தேடும் கண் அவருக்கு.

"கொஞ்சம் இருங்க. விருந்து முடிஞ்சதும் எல்லாப் பயலும் ஓடிடறான். மேசை மடக்கறதுக்கு வருஷா வருஷம் நானும் என் இடுப்பு வலியும்தான் மிச்சம். இங்க ஒரு மனுசன் இருக்கார். துரத்தினாலும் போக மாட்டார்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். நாற்காலி, மேசைப் பொறுப்புடன் குழு உறுப்பினர். ஆகவே முதல் மேசையில் இடம். கிளைவ் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியது. மூன்றாண்டுத் தவம். காரணத்தை அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. குழுவின் நடவடிக்கைகள் ரகசியமானவை.

ஆகஸ்ட் ஞாயிறு வந்தது. வழக்கம் போல அவரவர் தட்டு, கத்தி, கரண்டி, கோப்பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கிளைவ் ரேமோனுக்கும் கிழவி அகாத்துக்கும் நடுவே, மேயருக்கு எதிரில் அமர்ந்தார். மோரீன் தன் மூட்டையோடு நேரே கடைசி மேசைக்கு நடந்தாள். "குழுவுல சேர்ந்தது அவர்தானே" என்று என்னிடம் கண்ணடித்தாள்.

முலாம்பழமும் பன்றித் தொடை இறைச்சியும் வந்தபோது, முதல் மேசை ஒரு வாய்க்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஃபெர்னானின் சித்தப்பா வெட்டியதா, ஊராட்சி வெட்டியதா என்பது கேள்வி. ஆட்டுக்கறியும் பீன்ஸும் வந்தபோதும் வாய்க்கால்தான். பிறகு அகாத்தின் இடுப்பு அறுவை. பிறகு காட்டுப்பன்றி. அந்தப் பன்றி வாய்க்கால் பக்கம் வந்ததால், மறுபடி வாய்க்கால். கிளைவ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒருமுறை துணிந்து, "எங்க ஊர்லயும் வாய்க்கால் உண்டு" என்றார்.

"உங்க ஊர் வாய்க்காலைப் பத்தி இங்க யாருய்யா கேட்டா? ஃபெர்னானோட சித்தப்பன் வெட்டினானா இல்லையா, அதைச் சொல்லும்!" என்றாள் அகாத். முதல் மேசையில் முழு உரிமை பெற்றவரிடம்தான் அகாத் இப்படிப் பேசுவாள். கிளைவ் அதை அறியாமல் வாடிப்போனார்.

மூன்றரை மணிக்குப் பாலாடைக்கட்டித் தட்டு சுற்றி வந்தது. கடைசி மேசையிலிருந்து வெடித்தது ஒரு சிரிப்பு. கிளைவின் கழுத்து மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

"அங்க நாற்காலி சரியாப் போட்டிருக்கான்னு ஒரு நடை பார்த்துட்டு வர்றேன்" என்றார். "பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே."

"போங்க, போங்க" என்றார் ரேமோன் பெருமையோடு. "பார்த்தீங்களா, ஆள் எப்படின்னு?"

நாற்காலியைச் சரிபார்க்கப் போகிறவர் தட்டையும் கோப்பையையும் ஏன் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டார் என்று ரேமோன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆப்ரிகாட் பணியாரம் வந்தது. கிளைவ் வரவில்லை. அவர் பங்கை எடுத்துக்கொண்டு நான் கடைசி மேசைக்குப் போனேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நடுநாயகமாக உட்கார்ந்து, ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு பாதிரியார் ஏழாம் முறை தேர்வுக்கு வந்து காரைத் தம் தேவாலய வாசலிலேயே மோதிய கதையைத் தம் சொந்த மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு கைகளும் காற்றில் ஒரு ஸ்டியரிங்கைத் திருப்பின. டச்சுக்காரர் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார். மோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் எங்களிடம் அவர் ஒரு கதைகூட இப்படிச் சொன்னதில்லை.

பணியாரத்தை அவர் முழங்கையருகே வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"என்ன ஆச்சு? கிளைவ் வர்றாரா?" என்று கேட்டார் ரேமோன்.

"நாற்காலி ஒண்ணு ஆடுதாம்" என்றேன். "பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

நான் திரும்பிப் பார்த்தபோது, பின்னல்காரப் பெண் ஒருத்தி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திறந்துகொண்டிருந்தாள். கிளைவ் கதையை நிறுத்தாமல், மிச்சமிருந்த மதுவைப் புல்லில் ஊற்றிவிட்டு, கோப்பையைத் தேநீருக்கு நீட்டினார்.