தனியாக வைத்த பீச் தூள்

ஜெமாலின் தச்சுப் பட்டறைக்கும் என் செருப்புக் கடைக்கும் ஒரே சுவர். அவர் ரம்பத்தை ஓட்டினால் என் அலமாரி ஆடும். கறுப்பு ஷூவெல்லாம் மாவு மில்லில் கிடந்தது போல் ஆகிவிடும். நான் திட்டுவேன், அவர் இருமுவார். கோனியிட்ஸ் ஊரில் எங்கள் தெருவின் பேச்சுவார்த்தை பெரும்பாலும் இவ்வளவுதான்.

பேரனைப் பார்க்க ஆஸ்திரியா போன அவர் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். அதன்பின் அவரைத் தேடி வந்த ஒரே ஆள் மேல்தெரு ராபியா. மாட்டிறைச்சியை உப்பிட்டுப் புகை போட்டு விற்பவள். குளிர் தொடங்கினால் அவள் புகையறைக்கு மரத்தூள் வேண்டும், அதுவும் கறிக்கு நல்ல மணம் ஏற்றும் பீச் மரத்தின் கலப்பில்லாத தூள். அதற்காகவே ஜெமால் ஒரு மரத்தை அறுத்ததும் தரையை நன்றாகப் பெருக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பைன் தூள் கோழிக்கூட்டுக்கு, வால்நட் அவர் அடுப்புக்கு, பீச் ராபியாவுக்கு. சாக்கை நிரப்பிய பிறகு இருவரும் காபியோடு உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் அலசுவார்கள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தபோது நான் ஒருநாளும் திட்டியதில்லை.

போன வருடம் இருமல் முற்றியது. தூசியை விடு, இல்லை தொழிலை விடு என்றார் டாக்டர். ஜெமால் யாரோ தூக்கிப்போட்ட வேக்குவம் கிளீனரையும், முட்டைக்கோஸ் ஊறப்போடும் பிளாஸ்டிக் பீப்பாயையும் கொண்டுவந்தார். ரம்பத்திலிருந்து வரும் குழாயைப் பீப்பாயின் பக்கவாட்டில் சாய்த்துச் சொருகினார். தூள் உள்ளே சுழன்று அடியில் விழும். காற்றை மட்டும் வேக்குவம் மேலே இழுத்துக்கொள்ளும். தப்பி வரும் பொடியைப் பிடிக்க, காற்று வெளியேறும் வாயில் மனைவி விட்டுப்போன நைலான் காலுறையைக் கட்டினார்.

"அண்ணி வந்து கேட்டா என்னண்ணே சொல்வீங்க?" என்றேன்.

"கேக்கவாச்சும் வரட்டுமே," என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, பட்டறை பளிச்சென்று ஆனது. இருமலும் அடங்கியது. ஆனால் எல்லா மரத்தூளும் ஒரே பீப்பாயில் விழுந்தது. பெருக்குகிற வேலையே இல்லாததால் மனிதருக்கு அது உறைக்கவில்லை. நவம்பரில் ராபியா வந்தாள். அந்த வாரம் பீச்தான் அறுத்திருந்தார். மேலே வெளிர் நிறத்தில் அதுதான் தெரிந்தது. பெருமையோடு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தார். அடியில் கிடந்த பைன் தூளும் கூடவே போயிற்று.

பிசின் நிறைந்த பைன் புகையில் மாட்டிய கறியை நாய்கூட முகராது. சில நாள் கழித்து ராபியா வாசலிலேயே நின்று பேசினாள்.

"உனக்கு இருமல் நின்னதுல சந்தோஷம்தான் ஜெமாலு. என் கறி மொத்தமும் பெயின்ட் டப்பா மாதிரி நாறுது."

"உள்ள வா ராபியா. காபி போடுறேன்."

"இன்னொரு நாள் பாக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஜெமால் மறுவாரமே பீச்சுக்கென்று இரண்டாவது பீப்பாய் வைத்தார். மரத்தை மாற்றும்போது குழாயையும் பீப்பாய் மாற்றிச் சொருகுவார். அதைச் சொல்ல என்னைத்தான் தூது அனுப்பினார்.

"மரமில்லுக்காரன் தூளை வாசல்லயே கொண்டாந்து கொட்டுறான்ப்பா," என்றாள் ராபியா. "இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் ஏன் இறங்கி வரணும்?"

அவள்மேல் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெமாலிடம் வந்து அப்படியே சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் காலையிலிருந்து ரம்பம் ஓயவில்லை. சண்டை போடவே உள்ளே போனேன். கதவு செய்யத் தகுந்த நல்ல பீச் பலகை ஒன்றைக் கீற்றுக் கீற்றாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஆர்டர்ண்ணே?"

"யாரும் இல்ல. திடீர்னு அவ வந்து நின்னா, தூள் இல்லனு சொல்லி அனுப்பக் கூடாதுல்ல."

என்னிடம் புகையறையும் இல்லை, கறியும் இல்லை. இருந்தாலும், "எனக்கு ஒரு சாக்கு குடுங்கண்ணே, அப்படியே காபியும் போடுங்க," என்றேன்.

ஜெமால் நகர்ந்து பீப்பாய்க்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"பைன் வேணா அள்ளிக்க," என்றார். "இது ராபியாவுக்கு."