கைப்பைக்குள் அடங்கும் கேமராவும் கள்ளக்குறிச்சி விசேஷங்களும்

விசேஷ வீட்டில் போட்டோ எடுப்பவருக்குக் கிடைக்கும் மரியாதையை அவர் கழுத்தில் தொங்கும் கேமராவின் எடைதான் தீர்மானிக்கிறது. என் கழுத்தில் எதுவும் தொங்குவதில்லை. என் கேமரா கைப்பையில், சீப்புக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் கிடக்கும்.

கள்ளக்குறிச்சியில் ரேவதி அக்கா பியூட்டி பார்லர் நடத்துகிறார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று அலங்காரத்துக்கு அவரைக் கூப்பிடுகிறவர்கள், "அப்பிடியே போட்டோவுக்கும் ஒரு பொண்ணு கெடச்சா நல்லாருக்கும்" என்பார்கள். அந்தப் பொண்ணு நான். பெரிய கேமரா வாங்க வசதி இல்லை. போனில் எடுக்கலாம் என்றால், "போன் எங்ககிட்டயும்தான் இருக்குது" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சின்னதாக, விலை குறைவாக, கேமரா என்ற பெயர் மட்டும் குறையாமல் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். வெயிலில் இதன் திரை தெரியாது, இருட்டில் படம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்றிருக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு, நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

கேமரா வரட்டும்

கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் மாமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க ஆசாரி, போட்டோக்காரங்க வரட்டும்." நான் அவருக்கு எதிரிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிளாஷ் அடித்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டாரே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று உள்ளேயிருந்து பெண்கள் குரல் கொடுத்தார்கள். குழந்தை ஒரு முடிவுக்கு வந்து அழ ஆரம்பித்தது. "அண்ணா, நான்தாங்க போட்டோ எடுக்க வந்தவ. அப்பத்திலேந்து எடுத்துக்கினுதான் இருக்கேன்" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "இதாம்மா கேமரா? கொழந்தைக்குப் பூச விபூதி டப்பா எடுத்தாந்திருக்கியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தால்தான் எடுக்கும்

சின்னசேலம் பக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். பெரியவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். சில்லறை இல்லை என்று சொல்லிச் சொல்லியே இறுகிப்போன முகம். மாலை மாற்றிக்கொண்டு இருவரும் நின்றதும் பொத்தானை அழுத்தினேன். படம் விழவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒரு சின்ன விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. எதிரில் இருப்பவர் சிரித்தால்தான் படம் எடுக்கும் என்று ஒரு வசதி இந்தக் கேமராவில் உண்டு. எதையோ திருகும்போது தெரியாமல் அதைப் போட்டுவிட்டிருக்கிறேன். எப்படி நிறுத்துவது என்று அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. பரிசுப் பொட்டலங்களோடு சொந்தக்காரர்கள் வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் சிரிச்சீங்கன்னா எடுத்துடும்ங்க" என்றேன்.

"எது எடுக்கும்?"

"கேமராங்க."

டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போல அவர் கேமராவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அம்மா, "கண்ணாலம் ஆன அன்னிக்கே சிரிக்கல. இப்ப இன்னா புதுசா சிரிச்சிடப் போறாரு" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குக் கேமரா படக்கென்று எடுத்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தடவை நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். பெரியவர் மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அதான் அவ சிரிச்சிட்டால்ல, ரெண்டு பேருக்கும் சேத்து அது போதும்."

ப்ளெக்ஸ் மாமா

முகம் எங்கே இருக்கிறது என்று இந்தக் கேமரா தானே கண்டுபிடிக்கும். கள்ளக்குறிச்சி மண்டபம் ஒன்றில் நடந்த மஞ்சள் நீராட்டில் நன்றாகவே கண்டுபிடித்தது. மேடைக்குப் பின்னால் மாமன்மார்கள் வரிசையாகக் கும்பிட்டபடி நிற்கும் ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெண்ணின் முகம் எப்படியோ தப்பித்துவிட்டது. சீர்வரிசைத் தட்டோடு வந்து நின்ற மூத்த மாமா ஒரு படத்திலும் தெளிவாக இல்லை. அவருக்குப் பின்னால் ப்ளெக்ஸில் நின்ற அதே மாமா மட்டும் எல்லாப் படத்திலும் பளிச்சென்று இருந்தார். "ஒன்னால என் மேக்கப்புக்கும் கெட்ட பேரு" என்று ரேவதி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பயந்துகொண்டேதான் மாமாவிடம் பிரிண்டைக் கொடுத்தேன். எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். "உட்டுடும்மா, ப்ளெக்ஸ்லதான் எனக்குத் தலமுடி கருப்பா இருக்குது."

எதிர்மலையில் ஒரு புள்ளி

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஓர் ஊரில் கல்யாணம். மணப்பெண் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். ரேவதி அக்கா பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தார். போய்ச் சேர்ந்து அலங்காரமெல்லாம் முடிந்து, பெண் தயார், மாப்பிள்ளையும் தயார். பெண்ணின் அப்பா மட்டும் வேலியோரம் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மேயப்போன சினை மாடு திரும்பவில்லை. இன்றோ நாளையோ கன்று போடுகிற மாடு. தேடப்போனவர்கள் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். "அது அங்க எங்கியோ வலியோட நின்னுக்கினு இருக்கும். நான் இங்க எப்பிடிங்க சிரிச்சிக்கினு நிக்கறது?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெண் உள்ளே அழுதாள். ரேவதி அக்காவுக்கு அவள் கண்மை கலைகிற கவலை.

என் கேமராவில் உருப்படியான ஒரு விஷயம், அதன் ஜூம். தூரத்தில் இருப்பதைப் போனைவிட நன்றாகக் கிட்டே இழுக்கும். வேலிக்கல்லில் கையை ஊன்றிக்கொண்டு எதிர்ச்சரிவைத் துண்டு துண்டாக எடுத்தேன். திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது என் தலைக்கு மேல் பத்துத் தலைகள். வெயிலில் ஒன்றும் தெரியாததால் ரேவதி அக்கா பட்டுப்புடவை முந்தானையைக் குடை மாதிரி விரித்துப் பிடித்தார். ஒரு படத்தில், புதர் ஓரம், பழுப்பாக ஒரு புள்ளி. மாடு என்றார் ஒருவர். பாறை என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. பெண்ணின் அப்பா கேமராவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். பாறையாக இருந்துவிட்டால் இந்த மனிதரை வீணாக அலையவிட்ட பாவம் என்னுடையது.

"கொம்பு தெரியுது" என்று அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பாறை என்று சொன்ன சித்தப்பாவும் மனசு கேட்காமல் பின்னாலேயே போனார். வெயில் நன்றாக ஏறிய பிறகு இருவரும் திரும்பினார்கள். மாடு முன்னால் வந்தது. ஈரம் காயாத கன்று, சித்தப்பாவின் புதுச் சட்டை மேல், தோளில் கிடந்தது. அதற்கப்புறம் தாலி கட்டும்போது யாருடைய முகத்திலும் ஒரு குறையும் இல்லை. ஆல்பத்துக்குப் படங்களை எந்த வரிசையில் வைக்கட்டும் என்று பிறகு போனில் கேட்டேன். பெண்ணின் அப்பா யோசிக்கவே இல்லை. "மொதப் படம் அந்தப் புள்ளியப் போட்டுடுங்க, பொண்ணு மாப்ள அதுக்கப்பறம் வரட்டும்."

பாயசம் பார்க்கும் கண்

சிரிக்க முடியாத நாளும் உண்டு. திருநாவலூர் பக்கத்து ஊரிலிருந்து கலா என்ற பெண் தம்பியோடு பார்லருக்கு வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய கணவர் கரும்பு வெட்டப்போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். காரியத்துக்கு வைக்கப் படம் இல்லை. போனில் இருந்ததெல்லாம் போன் கெட்டதோடு போய்விட்டது. ஆதார் அட்டையைக் காட்டி, "இது அவுரு மாரியே இல்லீங்க" என்றார். அவர்கள் ஊரில் நடந்த ஒரு வளைகாப்புக்கு நான் வந்ததும், அன்றைக்குப் பந்தியில் நான் படம் எடுத்ததும் அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பந்தியில் கணவரும் உட்கார்ந்திருந்தாராம்.

பார்லரில் இருந்த கம்ப்யூட்டரில் தேடினோம். ரேவதி அக்கா, ஒரு புருவம் மட்டும் எடுத்து முடித்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். அந்த வாடிக்கையாளரும் எழுந்து வந்துவிட்டார். ஒரு படத்தில் சாம்பார் வாளி அவரை மறைத்திருந்தது. அடுத்ததில் தண்ணீர் ஊற்றுகிறவரின் கை. அதற்கடுத்ததில் இருந்தார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்க, அதைப் பார்த்து முகமெல்லாம் சந்தோஷம். கலா திரையை ஒரு விரலால் தொட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கேமராவை மனசாரத் திட்டினேன். பிரிண்ட் போடும் கடைக்குக் கலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் முடிந்தவரை சரிசெய்து கொடுத்தார். பிறகு, எல்லோருக்கும் செய்வது போல ஒரு கோட்டும் டையும் போட்டுவிடட்டுமா, கீழே பார்க்கிற கண்ணை நேராகத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டார். கலா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோட்டுலாம் வேணாங்க. எலைய எடுத்துட்டாலும் பரவால்ல, பாயசத்தப் பாக்கறாரே, அந்தக் கண்ண மட்டும் மாத்திடாதீங்க."

மங்கலுக்கு வந்த வாழ்வு

போன மாசம் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை முழுக்கப் பெரிய கேமராக்காரர்கள். தலைக்கு மேல் ட்ரோன் வேறு பறந்தது. மணமகள் அறையில் ரேவதி அக்காவின் அலங்காரத்தைப் படம் எடுப்பது மட்டும் என் வேலை. சென்னையில் படிக்கும் மணமகளின் தோழிகள் உள்ளே வந்ததும், வழக்கம் போல கேமராவைக் கைப்பைக்குள் தள்ளப் பார்த்தேன். "அக்கா, அதை வெளிய எடுங்க" என்றாள் ஒருத்தி. எடுத்தேன். பிறகு அவர்கள் மேடைப் பக்கமே போகவில்லை. ஃபிளாஷில் வெளிறியும், ஓரத்தில் கலங்கியும், கண் சிவந்தும் வந்த படங்களையெல்லாம் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து ரசித்தார்கள். என்ன கூட்டம் என்று ட்ரோன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உறுத்தலாக இருந்தது. "வெளிச்சம் கம்மியா இருந்தா இதுல சரியா வராதும்மா" என்று சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பாவமாகப் பார்த்தாள். "இப்பிடி மங்கலா வரணும்னுதான் அக்கா நாங்க போன்ல தனியா ஆப் போட்டு வச்சிருக்கோம்."

பெரிய கேமரா வாங்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் மங்கலாக வேண்டும் என்று தேடி வருகிற காலத்தில் தெளிவாக எடுத்துக் கொடுத்து யாரிடம் திட்டு வாங்குவது என்பதுதான் இப்போதைய யோசனை.